ரஸீன் முழுதாகக் கேட்காத செய்தி

கம்பளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் இடையில் இருக்கிறது ரஸீனின் கடை. ஃபோட்டோக் கொப்பி, லெமினேட், ஃபோனுக்கு ரீலோட், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. என் டியூஷன் வகுப்பு வினாத்தாள்களைப் பதினாறு வருஷமாக அங்கேதான் கொப்பி எடுக்கிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. “மௌத்து மெசேஜ் போடுற ரஸீன் நானாவா?” என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். இங்கே முஸ்லிம்களுக்கு இறப்பு மௌத்து, அண்ணன் நானா.

அந்தப் பெயர் அவருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய மாமி ஒருவர். வாப்பாவின் தங்கச்சி, மடவளையில் இருந்தவர், ரஸீனைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர். அவர் காலை ஏழு மணிக்கு மௌத்தானார். ஊரில் எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் யாரோ ஒருவருக்கு ரஸீனின் ஞாபகம் வந்திருக்கிறது. செய்தி கிடைத்து, கண்டி போய், பஸ் மாறி அவர் மடவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மையவாடியில் மண் மூடி முடிந்துவிட்டது. முஸ்லிம்கள் ஜனாஸாவை வைத்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம். இரண்டு மணித்தியாலம் பிந்தினால் முகம் பார்க்கக் கிடைக்காது. மௌத்தை அறிவிக்கும் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்பதுமில்லை.

திரும்பி வந்த கிழமையே ரஸீன் ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினார். ‘நம்ம ஊர் ஜனாஸா’ என்று பெயர். முதலில் சொந்தக்காரர் நாற்பது பேர். ஆறு மாதத்தில் அது நிரம்பி இரண்டாவது குரூப், பிறகு மூன்றாவது, நான்காவது. கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்பவர்கள், லண்டனில் குடியேறியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வேறு ஒரு செய்தியும் அதில் வராது. காலை வணக்கம் போட்டவரை அவர் அன்றைக்கே நீக்கிவிடுவார்.

அவர் எழுதும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. இன்னார், இன்னாரின் மகன், இன்னாரின் மாமனார், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடி. பெயரில் ஓர் எழுத்துப் பிழை வராது. இதில் அவருக்குத் துணை, சாஹுல் ஹமீது நானா. புகையிரத நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். தினமும் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் குடும்பம் எங்கே இருந்து வந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. “அவருக்கு மூத்த மருமகன் ஒருத்தர் ஈக்கிறார் ரஸீன், தெல்தோட்டையில. அவர்ட பேரையும் போடு, இல்லாட்டி மனசு நோவும்” என்று சொல்லித் தருவார். ரஸீனுக்கு அவர் சொந்தமில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகள் நஸீபும் இல்மாவும் ரஸீனை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். இல்மாவுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுமதி அட்டை லெமினேட் பண்ணிக் கொடுத்ததிலிருந்து, அவள் பயிற்சிக் கல்லூரி முடித்து டீச்சரானபோது சான்றிதழ்களைக் கொப்பி எடுத்ததுவரை அந்தக் கடையில்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ‘ஊர்ச் செய்தி’ என்று இன்னொரு குரூப் தொடங்கினார்கள். தண்ணீர் வெட்டு, பாதை மூடல், காணாமல் போன பர்ஸ், எல்லாம் அதில் வரும், மௌத்துச் செய்தியும் வரும். அதிலிருந்து ரஸீன் மாறினார் என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது கடைக்கு வந்து, “நானா, நேத்து அவங்க முந்திட்டாங்களே” என்று சும்மா சொன்னாலும் அவருடைய முகம் சுருங்கும். கொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். ஒரு முறை என்னிடம், “சேர், நான் அஞ்சு நிமிஷம் பிந்தினா அவங்கட மெசேஜத்தான் எல்லாரும் அனுப்புறாங்க. அதில பேரெல்லாம் பிழை” என்றார். பேர் பிழை என்பது உண்மை. ஆனால் அவருக்கு நொந்தது அது மட்டுமில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

2023 பெப்ரவரியில் ஹமீது நானாவுக்கு மூச்செடுக்க முடியாமல் போய்ப் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நஸீப் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வார்டில் கூட இருந்தான். இல்மா ஒவ்வொரு நாளும் காலையில் கஞ்சி காய்ச்சி, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் போவாள். பதினொரு நாள் இப்படிப் போனது. ரஸீனும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நல்லா பேசுறார் சேர். இந்தக் கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க போல” என்று என்னிடம் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வினாத்தாளோடு கடையில் நின்றேன். நூற்றி இருபது கொப்பி, மெஷின் சத்தம். பத்து இருபத்தைந்து போல ரஸீனின் ஃபோனுக்கு நஸீபிடமிருந்து ஒரு வொய்ஸ் வந்தது. நாற்பத்தெட்டு செக்கன். ரஸீன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஹமீது நானா மௌத்தாகிட்டாங்க சேர்.”

அவருடைய கண் நிறைந்துவிட்டது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். வொய்ஸ் இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. பிறகுதான் அவர் சொன்னார், செய்தியைச் சொன்னதும் நஸீப் அழத் தொடங்கியிருக்கிறான், அந்த அழுகையைக் கேட்டு நிற்க அவருக்கு முடியவில்லை, அதனால் நிறுத்திவிட்டார். அழுகைக்குப் பிறகு அதில் பேச்சு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

நிறுத்திய கையோடு குரூப்பைத் திறந்தார். அவருக்கு அது யோசித்துச் செய்யும் காரியமாக இருக்கவில்லை, கை தானாகப் போனது. கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினார். ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முன்னாள் புகையிரத நிலைய உத்தியோகத்தர் சாஹுல் ஹமீது அவர்கள் சற்று முன்னர் பேராதனை ஆஸ்பத்திரியில் காலமானார்கள். அன்னார் ஆஸியா உம்மாவின் அன்புக் கணவரும் நஸீப், இல்மா ஆகியோரின் பாசமிகு தந்தையுமாவார். அடக்கம் பற்றிப் பின்னர் அறியத்தரப்படும்.’ நான்கு குரூப்பிலும் போட்டார். மணி பத்து இருபத்தேழு.

என்னையும் சொல்ல வேண்டும். எனக்கும் ஹமீது நானாவைத் தெரியும். ஸ்டேஷனில் முன்பு வேலை செய்த இளங்கோவுக்கும் இன்னொருவருக்கும் அந்தச் செய்தியை அங்கே நின்றபடியே அனுப்பினேன். இளங்கோ அதைத் தன் பழைய உத்தியோகத்தர் குரூப்பில் போட்டார்.

பத்து நிமிஷம் போயிருக்காது, ரஸீனின் ஃபோன் அடித்தது. நஸீப். அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

“மாமா, நான் செல்லினத நீங்க முழுசா கேக்கல்லயா?”

ரஸீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன மகன், என்ன?”

“வொய்ஸ கேளுங்க” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மெஷினை நிறுத்திவிட்டு ரஸீன் அந்த வொய்ஸை முதலிலிருந்து போட்டார். இந்த முறை காதில் வைக்கவில்லை, சத்தமாகப் போட்டார். நானும் கேட்டேன்.

“ரஸீன் மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க. இப்பதான், பத்து இருபதுக்கு.” பிறகு அழுகை. நீளமான அழுகை, இடையில் யாரோ சிங்களத்தில் கட்டிலை நகர்த்தச் சொல்லும் சத்தம். பிறகு மறுபடி அவன் குரல். “மாமா, இப்ப குரூப்ல போட்டுடாதீங்க. இல்மா பஸ்ல வந்துட்டு ஈக்கிறா, அவளுக்குத் தெரியா. வந்து சேரட்டும், நான் கிட்ட வெச்சி செல்றேன். உம்மாவும் வீட்டில தனிய. நீங்க அபீபா மாமியையும் கூட்டிட்டுப் போய் பக்குவமா செல்லுங்க மாமா. ஒங்கள விட்டா எனக்கு யார்ட்ட செல்றதெண்டு தெரியல்ல.”

ரஸீன் அதை இன்னொரு முறை போட்டார். பிறகு குரூப்பைத் திறந்து மெசேஜை அழித்தார், நான்கிலும் ஒவ்வொன்றாக. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்து அனுப்பிவிட்டார்கள், ‘ஊர்ச் செய்தி’யிலும் வந்துவிட்டது. ரஸீனின் மெசேஜுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் துஆக்கள், பிரார்த்தனை வரிகள், வந்துகொண்டிருந்தன. ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழேயும் மனிதர்கள் துஆ எழுதினார்கள்.

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் ஹமீது நானாவின் வீட்டுக்கு ஓடினார். நான் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னால் போனேன். நாங்கள் போகும்போது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஃபோனைக் கையில் பிடித்தபடி முதலில் உள்ளே போயிருக்கிறாள். ஆஸியா உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம். “ஹமீது நானா மௌத்தாமே, உண்மையா?” என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் ரஸீன் வாசலிலேயே நின்றுவிட்டார். பக்குவமாகச் சொல்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

இல்மாவுக்கு நடந்தது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. அவள் எந்த மௌத்துக் குரூப்பிலும் இல்லை. அவளோடு பள்ளியில் படித்த ஒருத்தி கட்டாரில் இருக்கிறாள். அவளுடைய கணவன் ரஸீனின் மூன்றாவது குரூப்பில் இருந்தவன். அவன் மனைவியிடம் காட்ட, அவள் உடனே இல்மாவுக்கு எழுதினாள். ‘வாப்பாட செய்தி கேள்விப்பட்டேன். அல்லாஹ் சுவனத்தைக் கொடுக்கட்டும். நீ தைரியமா இரு.’ மணி பத்து முப்பத்தொன்று. கம்பளையிலிருந்து கட்டாருக்குப் போய் அங்கிருந்து கெலிஓயாவில் நின்ற பஸ்ஸுக்கு வர அந்தச் செய்திக்கு நான்கு நிமிஷம் எடுத்திருக்கிறது.

இல்மா அதை இரண்டு முறை வாசித்தாளாம். பிறகு எழுந்து, ஃபிளாஸ்க் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகரத் தொடங்கும்போது இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி இன்னும் இருபது நிமிஷம். பஸ் தரிப்பிடத்தில் லொத்தர்ச் சீட்டு விற்கும் சிங்களப் பெண் ஒருத்தி, இவள் நிற்கும் கோலத்தைப் பார்த்து, கையைப் பிடித்துத் தன் ஸ்டூலில் உட்கார வைத்து, “மொகத துவே?” என்று கேட்டிருக்கிறாள். என்ன மகளே என்று அவள் கேட்டது இல்மாவுக்கு விளங்கியது, பதில் வரவில்லை. ஃபோனைத்தான் நீட்டினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி என்று இல்மா சொன்னது மட்டும் விளங்கி, ஒரு த்ரீவீலரை நிறுத்தி ஏற்றிவிட்டாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் பார்த்த ஜனாஸாக்களில் பெரியது அதுதான். நாவலப்பிட்டியிலிருந்து, கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். மையவாடிக்கு வெளியே ஒருவர் ரஸீனின் தோளில் கையை வைத்து, “ஒங்கட மெசேஜ் அந்நேரமே வந்ததால எனக்கு வந்து சேரக் கிடைச்சிச்சு, அல்லாஹ் ஒங்களுக்கு நன்மை தரட்டும்” என்றார். ரஸீன் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். நஸீப் அவரைத் தாண்டிப் போனான். ஸலாம் சொன்னான், முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரஸீன் பல நாள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். “பத்து முப்பத்து மூணுக்கு ஊர்ச் செய்தியில வந்திருக்கு சேர். ஆஸ்பத்திரியில வேற யாரோ கண்டு அவங்களுக்குச் செல்லியீக்கிறாங்க. நான் போடாம ஈந்தாலும் அந்தப் புள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் தானே?” என்று கேட்பார். நானும், “ஓம் நானா, சேர்ந்திருக்கும்” என்பேன். அவர் மெஷினில் காகிதத்தை அடுக்குவார். “ஆனா நஸீப் எனக்குத்தானே செல்லினான்” என்பார்.

நாற்பது நாள் கழிந்து, மனைவி அபீபாவையும் கூட்டிக்கொண்டு அவர் மன்னிப்புக் கேட்கப் போனார். ஆஸியா உம்மா உள்ளே இருந்து தேத்தண்ணி கொடுத்தனுப்பினார், ஒரு குறையும் சொல்லவில்லை. இல்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உடுப்பு மாற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். ரஸீன் என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. அவள் சொன்னதை மட்டும் சொல்வார்.

“ஒங்க மேல கோவமில்ல மாமா. நீங்க வேணுமெண்டு செய்யல்ல, எனக்குத் தெரியும். ஆனா வாப்பா மௌத்தானத நான் நெனைக்கிற நேரமெல்லாம் எனக்கு வாப்பாட முகம் வருதில்ல. அந்த மெசேஜ் தான் வருது. நீ தைரியமா இரு எண்டு அவள் எழுதின எழுத்துத்தான் வருது. அத எப்படி மாத்துறதெண்டு தெரியல்ல.”

அபீபா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். ரஸீனுக்கு அழக்கூட வரவில்லை.

அந்தக் கிழமையே அவர் ஒரு முடிவெடுத்தார். வீட்டு ஆட்களில் ஒருவரோடு நேரடியாகப் பேசாமல் எந்த மௌத்தையும் போடுவதில்லை. பேசும்போது, “இன்னும் யாருக்குத் தெரியாது? யாராவது வழியில ஈக்கிறாங்களா?” என்று கேட்பார். அதற்கு அரை மணித்தியாலம் பிடிக்கும், சில நாள் இரண்டு மணித்தியாலம். மௌத்து வீட்டில் யார் ஃபோனை எடுப்பார்கள்? அவர் போடும் நேரத்தில் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நான்கு குரூப் இரண்டானது. ‘ஊர்ச் செய்தி’ வளர்ந்தது. இப்போது அவர் அனுப்பும் செய்திக்குக் கீழே துஆ எழுதுபவர்கள் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் வயதானவர்கள்.

“மூடிவிடலாமே நானா” என்று ஒரு நாள் சொன்னேன்.

“மூடினா நான் செய்தது இல்லாமப் போகுமா சேர்?” என்றார். நான் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை. ஒரு நாள் காலை ரஸீன் கடைக்குப் புறப்படும்போது, அபீபா அபாயா போட்டுக்கொண்டு நின்றாள். “ஹமீது நானாட வீட்டுக்குப் போய்ட்டு வாரேன். ஆஸியா மச்சிக்குக் கொஞ்சம் சுகமில்லயாம்” என்றாள். அவர் சரியென்று கடைக்கு வந்துவிட்டார். நான் அன்று ஒன்பதரைக்குப் போனபோது சாதாரணமாகத்தான் இருந்தார், மெஷினில் காகிதம் சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு முன்னால் அபீபாவின் அழைப்பு வந்தது. ஆஸியா உம்மா மௌத்தாகிவிட்டார். அபீபா வீட்டிலிருந்து புறப்படும் முன்னமே, காலை ஏழு மணிக்கே மௌத்தாகிவிட்டார். இல்மா சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தானே அழைப்பெடுத்துச் சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கூட. எல்லாருக்கும் சொல்லி முடிந்த பிறகுதான் வேறு யாரும் அறியலாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ரஸீன் ஃபோனை வைத்தார். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் ஜனாஸா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் அபீபாவிடம் கேட்டிருக்கிறார். இதை அவர் எனக்குச் சொன்னது பல மாதத்துக்குப் பிறகு.

“எனக்கு மட்டும் செல்லியிருக்கலாமே அபீபா. நான் போட்டிருப்பேனா?”

“போட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏன்?”

“இல்மா கேட்டா. மாமாக்கு வாணாம் மாமி, கடைசியா செல்லுவோம் எண்டா. எனக்குத் தெரிஞ்சது அந்தப் புள்ளைக்குத் தெரியாதே. நான் என்னத்த செல்றது?”

ரஸீன் உடுப்பு மாற்றிக்கொண்டு, மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனாராம். அன்றைய மௌத்துச் செய்தியை அவர் தன் குரூப்பில் போடவே இல்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.